வாஷிங்டனுக்குப் பிழை திருத்தியவர்

பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து, பதிப்பாசிரியர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன். பெயர்தான் மாறியது, இன்னொருவர் எழுதியதில் கை வைக்கும் வேலை கடைசிவரை மாறவில்லை. அதனால்தானோ என்னவோ, ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது, தொழில் பாசமும் வருகிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களைப் பெருந்தொகுப்பாக முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அவர். 1834 முதல் 1837 வரை, 12 தொகுதிகள். கொண்டுவரும்போது வாஷிங்டனின் ஆங்கிலத்தையும் ஆங்காங்கே சரிசெய்துவிட்டார்.

அவர் பிறந்தது 1789 மே 10. வாஷிங்டன் நியூயார்க்கில் பதவியேற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் வில்லிங்டன் என்ற சிற்றூர், ஏழைக் குடும்பம். உறவினர் வீட்டில் வளர்ந்தார், தச்சு வேலை பழகினார், இடையிடையே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பையனின் படிப்பார்வத்தைப் பார்த்த பாதிரியார் ஒருவர், எக்ஸிடர் நகரத்திலிருந்த பிலிப்ஸ் பள்ளியில் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். அந்தப் பக்கம் பயணம் போன இன்னொரு பாதிரியார் தன் குதிரை வண்டியின் அச்சுக்கு அடியில் ஸ்பார்க்ஸின் தகரப் பெட்டியோ மரப்பெட்டியோ, அதைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனார். பெட்டி வண்டியில் போயிற்று. இருபது வயது ஸ்பார்க்ஸ் நடந்து போனார். அங்கிருந்து ஹார்வர்டு. 1815இல் பட்டம் வாங்கியபோது வயது 26. கூடப் படித்தவர்களில் பலருக்கு அண்ணன் வயது.

நடுவில் படிப்பை நிறுத்தி, மேரிலாந்தில் ஹாவர் டி கிரேஸ் என்ற துறைமுக ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். 1813 மே மாதம் பிரிட்டிஷ் கடற்படை அந்த ஊரைச் சுட்டெரித்தபோது அவர் அங்கே இருந்தார். கண்ணால் கண்டதைப் பின்னால் கட்டுரையாக எழுதினார். வரலாறு என்பது நேற்று நடந்ததுதான், பார்த்தவன் எழுதாவிட்டால் போயே போய்விடும் என்ற பதற்றம் அவருக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு சில வருடங்கள் பால்டிமோரில் யூனிடேரியன் சபைப் போதகர். அதிலேயே கொஞ்ச காலம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சமய குரு. உடல்நிலை ஒத்துழைக்கவில்லை என்று 1823இல் விட்டுவிட்டுப் பாஸ்டனுக்கு வந்து, ‘நார்த் அமெரிக்கன் ரிவியூ’ என்ற இதழை விலைக்கு வாங்கி நடத்தினார். பத்திரிகை நன்றாகப் போயிற்று. அதற்குள் அவர் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு பிறந்து ஐம்பது வருடம்கூட ஆகவில்லை. சுதந்திரப் போரில் கலந்துகொண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னாள் ஜனாதிபதிகள் ஜெபர்சனும் ஜான் ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இறந்தார்கள். தேசிய ஆவணக் காப்பகம் என்று ஒன்று கிடையாது. காகிதங்கள் மாநிலத் தலைநகரங்களின் மூலைகளிலும், தளபதிகளின் பேரன் வீட்டுப் பரண்களிலும் கிடந்தன. வாஷிங்டனின் வாழ்க்கை என்று மக்கள் படித்ததோ, வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்ற புத்தகம். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்ட கதையை உலகத்துக்குக் கொடுத்தது அதுதான். நம் பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்புவரை வந்து சேர்ந்த அந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஸ்பார்க்ஸ் 1826இல் புறப்பட்டார். பழைய பதின்மூன்று மாநிலங்களிலும் அலுவலக அலமாரிகளைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். ஆனால் மூலநிதி இருந்த இடம் ஒன்றே ஒன்று: வர்ஜீனியாவில் பொட்டோமாக் நதிக்கரையில் வாஷிங்டன் வாழ்ந்து மறைந்த மவுண்ட் வெர்னன் மாளிகை. வாஷிங்டனுக்குப் பிள்ளை இல்லை. காகிதங்கள் எல்லாம் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனுக்குப் போயிருந்தன. அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி. ஸ்பார்க்ஸ் கேட்டதும் முடியாது என்றார். தானும் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் சேர்ந்து கடிதங்களை வெளியிடப்போவதாகக் காரணம் சொன்னார். மார்ஷல் ஏற்கெனவே வாஷிங்டன் வரலாற்றை ஐந்து தொகுதிகளில் எழுதியிருந்தவர்.

ஸ்பார்க்ஸ் விடவில்லை. வியாபாரம் பேசினார். வேலை முழுவதும் என்னுடையது. வரும் லாபத்தில் பாதி எனக்கு, மறுபாதியை நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். 1827இல் அனுமதி கிடைத்தது. அந்த வசந்த காலத்தில் மவுண்ட் வெர்னனில் தனியாக உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் புரட்டினார். பெரிய தாள் அளவில் இருநூறுக்கு மேற்பட்ட கட்டுகள். கடிதங்கள், கணக்குகள், படைக் கட்டளைகள், நாட்குறிப்புகள். அங்கேயே இருந்து படித்து முடிக்கிற காரியமா அது? பாஸ்டனுக்கே அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். இன்றைக்கு எந்தக் காப்பகத்திலும் நடக்காத காரியம். ஒரு நாட்டின் ஆதி ஆவணங்கள் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஒரு தனிமனிதரின் வீட்டில் இருந்தன.

அதோடு நின்றாரா என்றால் இல்லை. 1828இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லண்டனில் அரசு ஆவணங்களைப் பார்த்துப் படியெடுத்தார். பாரிஸில், சுதந்திரப் போரில் வாஷிங்டனோடு நின்ற முதிய லாஃபயெத் அவருக்குக் கதவுகளைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து, அமெரிக்கப் புரட்சிக்காலத் தூதரகக் கடிதங்கள் 12 தொகுதி; அரசியல் சட்டத்துக்கு இறுதி வடிவம் தந்த கவர்னியர் மாரிஸின் வாழ்க்கை 3 தொகுதி; பெஞ்சமின் பிராங்க்ளின் எழுத்துகள் 10 தொகுதி; ‘அமெரிக்க வாழ்க்கை வரலாற்று நூலகம்’ இரண்டு வரிசைகளாக 25 தொகுதி. இந்தக் கடைசி வரிசையில் மட்டும் அறுபது பேரின் வாழ்க்கை இருக்கிறது. எட்டை அவரே எழுதினார். துரோகி பெனடிக்ட் அர்னால்டின் வாழ்க்கையும் அந்த எட்டில் ஒன்று. 1831இல் பாஸ்டனுக்கு வந்த பிரெஞ்சு இளைஞர் தொக்வில், இந்த நாட்டின் ஊராட்சி எப்படி நடக்கிறது என்று கேட்க, அவருக்காகவே மாசசூசெட்ஸ் ஊர்களின் நிர்வாகம் பற்றி ஒரு நீண்ட குறிப்பு எழுதிக் கொடுத்தார் ஸ்பார்க்ஸ். அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிய தொக்வில்லின் புகழ்பெற்ற புத்தகத்தில் அந்தக் குறிப்பின் சாரம் இருக்கிறது. ஒரு மனிதர் இவ்வளவும் செய்தார், கணினி இல்லாமல், நகல் இயந்திரம் இல்லாமல், படியெடுக்கச் சிலரைக் கூலிக்கு வைத்துக்கொண்டு. அந்த உழைப்புக்கு முன்னால் என் தொழில்காரர்கள் யாரும் வாய் திறக்க முடியாது.

இனி, கை வைத்த கதை.

1775இல் பாஸ்டன் முற்றுகையின்போது வாஷிங்டனுக்குச் செயலாளராக இருந்தவர் ஜோசப் ரீட். அவர் பிலடெல்பியாவுக்குப் போனபிறகு வாஷிங்டன் அவருக்கு மனம்விட்டுக் கடிதங்கள் எழுதினார். தளபதியின் வழக்கமான விறைப்பு அவற்றில் இல்லை. எரிச்சல், கிண்டல், அலுப்பு எல்லாம் இருக்கும். ஒரு கடிதத்தில் தளபதி இஸ்ரேல் புட்னத்தைப் படைவீரர்கள் கூப்பிடுவதுபோலவே ‘கிழவர் புட்’ என்று எழுதியிருந்தார் வாஷிங்டன். ஸ்பார்க்ஸின் தொகுப்பில் அது மரியாதையாகத் ‘தளபதி புட்னம்’ ஆயிற்று. இன்னோரிடத்தில், வரப்போகும் பணம் நம் தேவைக்கு வெறும் தெள்ளுப்பூச்சிக் கடி என்று எழுதியிருந்தார். ஸ்பார்க்ஸ் அதை ‘முற்றிலும் போதாது’ என்று மாற்றினார். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் முதலில் எழுதியவன் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் குளிரில் நிற்கும் படைத்தலைவன். இரண்டாவதாக எழுதியவன் நிதித்துறைக் குமாஸ்தா.

ஸ்பார்க்ஸ் இதை ரகசியமாகச் செய்யவில்லை. கைத்தவறுகளையும் இலக்கணப் பிசகுகளையும் சரிசெய்திருப்பதாக முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அவருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. 1750களில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் இளம் அதிகாரியாக எழுதிய கடிதங்களின் பதிவேடுகளை, வாஷிங்டன் முதிர்ந்த வயதில் தானே உட்கார்ந்து அடித்துத் திருத்தியிருந்தார். இளமைக்கால எழுத்துப் பிழைகளைப் பார்த்து அவருக்கே கூச்சம். அந்தத் திருத்தங்கள் ஸ்பார்க்ஸின் கையில் இருந்தன. பெரியவரே திருத்தியிருக்கிறார், இருந்திருந்தால் மற்றதையும் திருத்தியிருப்பார், அவர் விட்ட வேலையை நான் முடிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். பதிப்புத் தொழிலில் இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. எழுத்தாளர் இறந்துபோன பிறகு அவர் குடும்பத்தார் கடிதக்கட்டோடு வந்து, அப்பா இப்படி எழுதியிருக்க மாட்டார், இந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்பாவின் கையெழுத்து எதிரே மேஜைமேல்தான் இருக்கும்.

காலமும் அப்படிப்பட்ட காலம். அதே 1830களில், ஹொரேஷியோ கிரீனோ என்ற சிற்பி அரசு செலவில் வாஷிங்டனுக்குச் சிலை செய்துகொண்டிருந்தார். கிரேக்கக் கடவுள் ஜீயஸ்போல, இடுப்புக்கு மேல் துணியில்லாமல் சிங்காசனத்தில் வீற்றிருக்கும் வாஷிங்டன். 1841இல் தலைநகரத்துக்கு அது வந்து இறங்கியபோது ஜனங்கள் சிரித்தார்கள். கல்லில் செய்தபோது சிரித்தவர்கள் காகிதத்தில் செய்ததை மெச்சினார்கள். பிரான்சில் வரலாற்றாசிரியர் கீசோ, ஸ்பார்க்ஸின் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்துப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். ஜெர்மன் பதிப்பும் வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை வரலாற்றுப் பேராசிரியராக்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சமய வரலாறு அல்லாத வரலாற்றுக்கு ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அதுதான். 1849இல் பல்கலைக்கழகத் தலைவராகவே ஆனார்.

மாட்டிக்கொண்டது அந்த உச்சத்தில்தான். ஜோசப் ரீடின் பேரன் வில்லியம் ரீட் 1847இல் தாத்தாவின் வாழ்க்கையை வெளியிட்டு, வீட்டிலிருந்த வாஷிங்டன் கடிதங்களை அதில் அச்சிட்டார். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராவது ஒருவர் போதும். 1851இல் ‘நியூயார்க் ஈவினிங் போஸ்ட்’ பத்திரிகையில் புனைபெயரில் ஒருவர் வேறுபாடுகளைப் பட்டியல் போட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் லார்டு மாஹன் தன் புத்தகத்தில், ஸ்பார்க்ஸ் கடிதங்களை வெட்டினார், மாற்றினார், இல்லாததைச் சேர்த்தார் என்று எழுதினார். நாட்டின் பிதாவின் கடிதத்தை ஹார்வர்டு தலைவர் திருத்தினார் என்பது அட்லாண்டிக்கின் இரு கரையிலும் செய்தியாயிற்று.

ஸ்பார்க்ஸ் 1852இல் பதில் நூல் போட்டார். இங்கே ஒரு வேடிக்கை. அவர் சேர்த்துவிட்டதாக மாஹன் சொன்ன பகுதி மூலக் கடிதத்தில் இருந்தது; விட்டுப்போனது பேரன் ரீடின் அச்சில்தான். இல்லாததைச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டை மாஹன் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாற்றினார் என்பதை விடவில்லை. பேரன் ரீடும் அந்த வருடமே மூலக் கடிதங்களை உள்ளது உள்ளபடி மறுபதிப்புச் செய்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆக்கினார். இந்தச் சண்டையால் ஒரு நன்மை: மூலத்தில் உள்ள எழுத்துப் பிழையோடு அப்படியே அச்சிடுவதுதான் பதிப்பு என்ற எண்ணம் அமெரிக்காவில் ஊன்ற ஆரம்பித்தது.

பலர் ஸ்பார்க்ஸை இந்தத் திருத்தங்களுக்காகவே திட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பேனாவால் செய்ததைப் பேனாவால் அழிக்கலாம். மூலம் பத்திரமாக இருந்தால் இன்னொருவர் வந்து சரியாகப் போட்டுவிடுவார்; போட்டும்விட்டார்கள். மன்னிக்க முடியாதது அவருடைய கத்தரிக்கோல்.

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களின் கையெழுத்தைச் சேகரிப்பது ஒரு பித்தாகப் பரவியிருந்தது. வாஷிங்டனின் காகிதங்கள் ஸ்பார்க்ஸ் வசம் இருப்பது ஊருக்கே தெரியும். நண்பர்கள், நண்பர்களின் மனைவிமார், முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் ஒரு வரியாவது கொடுங்கள் என்று எழுதினார்கள். இவரும் கொடுத்தார். புஷ்ராட் வாஷிங்டன் ஏற்கெனவே இதைத் தொடங்கி வைத்திருந்தார். வில்லியம் ஸ்ப்ரேக் என்ற வீட்டு ஆசிரியருக்கு, படியெடுத்து வைத்துவிட்டு மூலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, சுமார் 1,500 கடிதங்களை விட்டுக்கொடுத்தவர் அவர். ஆகவே ஸ்பார்க்ஸ் மட்டும் குற்றவாளி அல்ல. என்றாலும் ஸ்ப்ரேக் முழுக் கடிதமாக எடுத்துக்கொண்டு படியை வைத்துவிட்டுப் போனார். ஸ்பார்க்ஸ் வெட்டினார்.

வெட்டுப்பட்டதில் மிக முக்கியமானது வாஷிங்டன் வாசிக்காமல் விட்ட முதல் பதவியேற்பு உரை. அவருடைய உதவியாளர் டேவிட் ஹம்ப்ரீஸ் எழுதிக் கொடுத்த வரைவு அது. வாஷிங்டன் தன் கையாலேயே படியெடுத்தார், 73 பக்கம். படித்தால் மணிக்கணக்கில் ஆகும். அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசனிடம் காட்டினார். அவர் யோசனைப்படி அது கைவிடப்பட்டு, 1789 ஏப்ரல் 30 அன்று வேறொரு சிறிய உரை வாசிக்கப்பட்டது. ஸ்பார்க்ஸ் 1827இல் இந்த வரைவைக் கண்டதும், உயிரோடிருந்த மாடிசனுக்கே எழுதிக் கேட்டார். இது ஹம்ப்ரீஸின் சரக்கு, விநோதமான சரக்கு, வெளியிட வேண்டியதில்லை என்ற தொனியில் பதில் வந்தது.

வெளியிடாமல் விட்டதில் தவறில்லை. மாடிசன் சொன்னதும் ஸ்பார்க்ஸுக்கு அது வாஷிங்டனின் கருத்து அல்ல, வெறும் வாஷிங்டனின் கையெழுத்து என்று ஆகிவிட்டது. கையெழுத்து கேட்டவர்களுக்குக் கொடுக்க வாகான பொருள். தாள் தாளாகக் கொடுத்தார். தாள் குறையக் குறையச் சில வரிகள் உள்ள துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தார். எஞ்சிய துண்டுகளை நூலகங்களிலிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்துப் பின்னாள் ஆய்வாளர்கள் படித்தார்கள். ஒரு துண்டில், எனக்குப் பிள்ளை இல்லை, என் ரத்தத்தில் வாரிசு உண்டாக்கி இந்த நாட்டை ஆளவைக்கும் ஆசைக்கு இடமே இல்லை என்ற பொருளில் வருகிறது. முடியாட்சியை உதறிய ஒரு நாட்டின் முதல் ஜனாதிபதி, பதவியேற்கும் நாளில் சொல்ல நினைத்து, தன் கையால் எழுதி, பிறகு சொல்லாமல் விட்ட வார்த்தை. ஹம்ப்ரீஸ் சரக்காகவே இருக்கட்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்பது பல இடங்களில் போயே போய்விட்டது.

தாளைத் தொலைக்காமல் படித்த இடங்களில்கூட இந்த மனிதருக்கு நினைவின் மேல் ஓர் அசாத்திய நம்பிக்கை. 1841இல் மறுபடியும் பாரிஸ் போயிருந்தார். அங்கே, பிரிட்டனோடு சமாதானப் பேச்சு நடந்தபோது 1782 டிசம்பர் 6 அன்று பிராங்க்ளின் பிரெஞ்சு மந்திரி வெர்ஜேனுக்கு எழுதிய கடிதம் கண்ணில் பட்டது: அமெரிக்காவின் எல்லையைப் படத்தில் அழுத்தமான சிவப்புக் கோட்டால் குறித்து அனுப்பியிருக்கிறேன். படத்தைத் தேடினார். ஆயிரக்கணக்கான வரைபடங்களுக்கு நடுவே 1746ஆம் வருடத்துப் படம் ஒன்றில் சிவப்புக் கோடு. கோடு மெய்ன் மாநிலத்தில் பிரிட்டன் கேட்ட எல்லையோடு ஒட்டிப் போயிற்று! அப்போது மெய்ன் எல்லைத் தகராறு போர்வரை போய்த் திரும்பியிருந்தது. ஊர் திரும்பிய ஸ்பார்க்ஸ், 1842 பிப்ரவரியில் வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டருக்கு விஷயத்தை எழுதி, ஒரு மெய்ன் படத்தில் அந்தக் கோட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து அனுப்பினார்.

வெப்ஸ்டருக்கு இது வரப்பிரசாதம். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று முரண்டுபிடித்த மெய்ன் தலைவர்களிடம் ஸ்பார்க்ஸையே அனுப்பி, நம் பக்கம் வழக்கு பலவீனம், கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ரகசியமாகச் சொல்லவைத்தார். 1842 ஆகஸ்ட் 9 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரிட்டனிடமும் ஒரு வரைபடம் இருந்தது, மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையது. அதில் உள்ள சிவப்புக் கோடு அமெரிக்கா கேட்ட எல்லையைக் காட்டியது. அவர்களும் வாயைத் திறக்கவில்லை. பாரிஸில் ஸ்பார்க்ஸ் பார்த்தது பிராங்க்ளின் கோடு போட்ட அதே படம்தான் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இன்றைய மெய்ன் மாநில எல்லையில் அவருடைய ஞாபகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1866இல் அவர் இறந்தார். வாஷிங்டனின் காகிதங்களை அமெரிக்க அரசு குடும்பத்தாரிடமிருந்து இரண்டு தவணையாக, 1834இல் 25,000 டாலருக்கும் 1849இல் 20,000 டாலருக்கும் விலைக்கு வாங்கியது. அவை இன்று காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து வொர்திங்டன் ஃபோர்டு 14 தொகுதி கொண்டுவந்தார். பிறகு ஃபிட்ஸ்பாட்ரிக் அட்டவணையோடு சேர்த்து 39 தொகுதி. அதற்கும் பிறகு வர்ஜீனியா பல்கலைக்கழகம், வாஷிங்டன் எழுதியதோடு அவருக்கு வந்ததையும் சேர்த்து, புள்ளி கமா மாறாமல் பதிப்பிக்கும் பணியை 1960களின் கடைசியில் தொடங்கியது. அங்கே கிழவர் புட் கிழவர் புட்டாகவே இருக்கிறார்.

ஸ்பார்க்ஸ் படியெடுத்துக் குவித்த ஐரோப்பிய ஆவணங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. ஆய்வாளர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். அவருடைய 12 தொகுதிகளோ காப்புரிமை தீர்ந்த பழைய நூல்கள் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் எழுதுகிறவர்கள் வாஷிங்டன் மேற்கோளுக்குத் தேடும்போதும் பல சமயம் முதலில் கையில் அகப்படுவது அவைதான். எடுத்தாள்வதற்கு முன் தலைப்புப் பக்கத்தில் வருடத்தைப் பாருங்கள். 1834 முதல் 1837க்குள் இருந்தால் அதை மூடிவிட்டு, அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்துக்குப் போங்கள். வர்ஜீனியா பதிப்பின் பாடம் அங்கே இருக்கிறது. அதற்கும் கட்டணம் கிடையாது.